பதினைந்து மாதத்தில் நர்ஸ் ஆகலாமா? வாசகர் கேள்வி – பதில்

வேறு துறையில் டிகிரி வைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் நர்ஸ் ஆவதற்கென்றே ஒரு துரிதப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஏ.பி.எஸ்.என். என்று சொல்வார்கள். 1971-ல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த இந்த முறை இன்று நாடு முழுக்கப் பரவிவிட்டது. படிப்புக் காலம் பெரும்பாலும் 11 முதல் 18 மாதம். இதைப் பற்றி அங்கே வசிக்கும் தமிழ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

நான் அண்ணா பல்கலைக்கழகத்தில் 2011-ல் இ.சி.இ. முடித்தவள். எச்-4 விசா (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தருவது), வேலை அனுமதியும் இருக்கிறது. 15 மாதத்தில் நர்ஸ் ஆகலாம் என்று விளம்பரம் வருகிறது. நம்பலாமா?
– வாசகி, ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

விளம்பரம் பொய் சொல்லவில்லை, பாதியை மட்டும் சொல்கிறது. அந்த 15 மாதம் நர்ஸிங் பாடங்களுக்கு மட்டும். அதற்குள் நுழையவே ப்ரீரெக்விசிட் பாடங்களை முடித்திருக்க வேண்டும். அனாடமி அண்ட் ஃபிசியாலஜி இரண்டு பாகம், மைக்ரோபயாலஜி ஆகியவற்றை லேபோடு சேர்த்துக் கேட்பார்கள். ஒவ்வொன்றும் வழக்கமாக 4 கிரெடிட். கூடவே ஸ்டாடிஸ்டிக்ஸ், அறிமுக உளவியல், மனித வளர்ச்சிப் பருவங்கள், நியூட்ரிஷன். சில இடங்களில் கெமிஸ்ட்ரி, சமூகவியல், ஆங்கிலக் கட்டுரை. இன்ஜினீயரிங்கில் படித்த ப்ராபபிலிட்டி பாடத்தை ஸ்டாடிஸ்டிக்ஸுக்குப் பதிலாகச் சில கல்லூரிகள் ஏற்கும், சில ஏற்காது. சிலபஸை இணைத்து மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இவற்றை ஒரே செமஸ்டரில் அடுக்கிவிட முடியாது. அனாடமி முதல் பாகம் முடிந்தால்தான் இரண்டாம் பாகம். அறிமுக உளவியல் முடிந்தால்தான் வளர்ச்சிப் பருவங்கள். மைக்ரோபயாலஜிக்கு முன்னால் ஒரு பயாலஜியோ கெமிஸ்ட்ரியோ கேட்கும் கம்யூனிட்டி காலேஜ்கள் நிறைய. ஆகஸ்டில் அனாடமி முதல் பாகமும் உளவியலும், ஜனவரியில் இரண்டாம் பாகம், வளர்ச்சிப் பருவங்கள், ஸ்டாடிஸ்டிக்ஸ், கோடையில் மைக்ரோபயாலஜியும் நியூட்ரிஷனும் என்று போட்டால் ஒரு வருடத்தில் முடியும். ஓரிரு பாடம் பாக்கி இருக்கும்போதே விண்ணப்பிக்கப் பல கல்லூரிகள் அனுமதிக்கும். எல்லாம் சரியாக அமைந்தால் முதல் வகுப்பிலிருந்து முதல் சம்பளம் வரை இரண்டரை முதல் மூன்று வருடம். வீட்டில் அந்தக் கணக்கைப் பேசி முடிவெடுங்கள்.

அறிவியல் பாடங்களுக்குக் காலாவதியும் உண்டு. 5 அல்லது 7 வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்பார்கள், சில இடங்களில் 10. அதனால் "இப்போது அனாடமி முடித்துவைப்போம், குழந்தை பள்ளிக்குப் போன பிறகு பார்த்துக்கொள்வோம்" என்பது வீண் செலவாக முடியலாம். லேபை ஆன்லைனில் முடித்தால் ஏற்காத கல்லூரிகளும் உண்டு. பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்.

இந்திய டிகிரிக்கு வெஸ் போன்ற நிறுவனத்திடம் பாடவாரியான மதிப்பீடு வாங்க வேண்டும். டிகிரி சமம் என்று மட்டும் சொல்லும் சுருக்க அறிக்கை விலை குறைவு, ஆனால் நர்ஸிங் அட்மிஷனுக்கு உதவாது. டிரான்ஸ்கிரிப்ட் உங்கள் கை வழியாகப் போகக் கூடாது. பல்கலைக்கழகமோ தன்னாட்சிக் கல்லூரியின் தேர்வுப் பிரிவோ நேரடியாக அனுப்ப வேண்டும். யார் அனுப்புவது என்பதை வெஸ் தளத்தில் உங்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததும் காட்டும். இந்த வேலைதான் எல்லோருக்கும் இழுக்கிறது, ஆகவே முதல் வகுப்புக்குப் போகும் முன்பே ஆரம்பியுங்கள். 64 சதவீதம் எடுத்தவர்கள் மனம் தளர வேண்டாம். அமெரிக்க மாணவரின் 64 போல அதைப் பார்ப்பதில்லை. இந்திய முதல் வகுப்பு பெரும்பாலும் நல்ல கிரேடாகவே மாறும். மூன்று வருட பி.எஸ்ஸி., பி.காம். படித்தவர்களுக்குத்தான் சிக்கல். கல்லூரியின் நாக் தரமும் நீங்கள் வாங்கிய வகுப்பும் பார்த்து முழு டிகிரியாக ஏற்கலாம், மூன்று வருடப் படிப்பு என்று மட்டும் எழுதவும் செய்யலாம். அப்படி எழுதிவிட்டால் ஏ.பி.எஸ்.என். கதவு மூடிவிடும். அவர்கள் ப்ரீரெக்விசிட் வகுப்பில் சேரும் முன்பே மதிப்பீட்டை வாங்கிவிட வேண்டும்.

பல கல்லூரிகளுக்கு நர்ஸிங்கேஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகப் போடலாம். அதில் ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய கிரேடும் கணக்கில் சேரும். சரிபார்க்கவே இரண்டு வாரம் வரை ஆகும் என்பதால், கடைசித் தேதியன்று சமர்ப்பிப்பது தாமதமாகச் சமர்ப்பிப்பதற்குச் சமம்.

என் மனைவிக்கு இரண்டு இடத்தில் அட்மிஷன் கிடைத்திருக்கிறது. தனியார் கல்லூரி: 14 மாதம், 82,000 டாலர், என்கிளெக்ஸ் (நர்ஸ் லைசென்ஸுக்கான தேர்வு) தேர்ச்சி 95 சதவீதம். அரசுப் பல்கலைக்கழகம்: 16 மாதம், 38,000 டாலர், தேர்ச்சி 89. எதில் சேரலாம்?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

நீங்கள் எழுதிய விவரத்தில் ஒரு எண் இல்லை. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள்?

ஒரு உதாரணக் கணக்கு. முதல் கல்லூரியில் 60 பேர் சேர்ந்து, 42 பேர் நேரத்தில் முடித்து, அவர்களில் 40 பேர் முதல் முயற்சியிலேயே என்கிளெக்ஸ் தேறினால் தேர்ச்சி 95 சதவீதம். இரண்டாவதில் 60 பேர் சேர்ந்து, 55 பேர் முடித்து, 49 பேர் தேறினால் 89 சதவீதம். ஆனால் சேர்ந்த 60 பேரை வைத்துப் பார்த்தால் முதல் கல்லூரியில் 67 சதவீதம், இரண்டாவதில் 82. தேர்ச்சி விகிதம் பரீட்சை எழுதியவர்களை மட்டும்தான் எண்ணுகிறது. இடையில் விழுந்தவர்கள் அதில் வரவே மாட்டார்கள்.

இது தற்செயல் அல்ல. தேர்ச்சி குறைந்தால் மாநில நர்ஸிங் போர்டு கல்லூரியை எச்சரிக்கும். பல மாநிலங்களில் எல்லைக்கோடு 80 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அதனால் சில கல்லூரிகள் கடைசி செமஸ்டரில் ஹெஸி, ஏ.டி.ஐ. போன்ற வெளித்தேர்வு ஒன்றை வைத்து, குறித்த மதிப்பெண் எடுக்காதவர்களுக்குப் பட்டம் தராமல் நிறுத்திவைக்கின்றன. கட்டணம் முழுக்கக் கட்டியாயிற்று, எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, ஆனாலும் என்கிளெக்ஸ் எழுத முடியாது. மாணவர் கையேட்டில் "எக்ஸிட் எக்ஸாம்" என்று தேடிப் பாருங்கள். அது பட்டத்துக்கு நிபந்தனையா, வெறும் பயிற்சியா என்பது அங்கே எழுதியிருக்கும்.

அடுத்து, ஒரு பாடத்தில் தவறினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கல்லூரிகளைப் பிரித்துக் காட்டுவதில் இதைவிட நல்ல கேள்வி எங்களுக்குத் தெரியவில்லை. துரிதப் படிப்பில் எல்லோரும் ஒரே அணியாகப் போவார்கள். ஒருமுறை தவறினால் அந்தப் பாடம் மறுபடி வரும் வரை காத்திருக்க வேண்டும். வருடத்துக்கு மூன்று முறை மாணவரைச் சேர்க்கும் கல்லூரியில் அது நான்கு மாதம், ஒரே முறை சேர்க்கும் கல்லூரியில் ஒரு வருடம். ஒரே தவறுக்கு வெளியேற்றும் இடமும் உண்டு. தேர்ச்சி எல்லை 75-ஆ, 78-ஆ, அது வீட்டுப்பாட மதிப்பெண்ணையும் சேர்த்ததா, பரீட்சை சராசரிக்கு மட்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பரீட்சை சராசரிக்கு மட்டும் என்றால் அழகாகச் செய்த ப்ராஜெக்ட் எதுவும் கைகொடுக்காது.

கிளினிக்கல், அதாவது நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி, எந்த மருத்துவமனையில், அதிகபட்சம் எவ்வளவு தூரம், இரவு ஷிஃப்ட் உண்டா, இடத்தை ஏற்பாடு செய்வது யார்? தியரி ஆன்லைனில், லேப் மட்டும் வாடகைக் கட்டடத்தில் என்று நடக்கும் ஹைப்ரிட் படிப்புகள் பலவற்றில் உங்களோடு தொலைபேசியில் பேசும் "அட்மிஷன் ஆலோசகர்" கல்லூரி ஊழியர் அல்ல, மாணவர்களைச் சேர்த்துவிடும் வெளி நிறுவனத்தின் ஆள். தினமும் இரண்டு முறை கூப்பிடுவதன் ரகசியம் அதுதான். அவர் வாய்மொழியாகச் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அங்கீகாரம் இரண்டு வகை, இரண்டும் வேண்டும். மாநில போர்டின் ஒப்புதல் இல்லாவிட்டால் என்கிளெக்ஸே எழுத முடியாது. சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். போன்ற தேசிய அங்கீகாரம் இல்லாவிட்டால் மேற்படிப்பிலும், முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனை வேலையிலும் தடுக்கும். போர்டு தளத்தில் ஒப்புதல் முழுமையானதா, நிபந்தனையோடா, எச்சரிக்கையோடா என்று பாருங்கள்.

உங்கள் விஷயத்தில், அரசுப் பல்கலைக்கழகத்தின் நேரத்தில் முடித்தவர் விகிதம் மோசமாக இல்லாவிட்டால், 44,000 டாலர் அதிகம் கொடுத்து இரண்டு மாதம் சேமிப்பதில் அர்த்தமில்லை. 2024 மே நிலவரப்படி நர்ஸ்களின் இடைநிலை ஆண்டு வருமானம் 93,600 டாலர். இரண்டு மாதச் சம்பளம் அந்த வித்தியாசத்தின் பக்கத்தில்கூட வராது.

எச்-4 இருக்கிறது, வேலை அனுமதி இல்லை. படிக்கலாமா? படித்தால் பிறகு?
– வாசகி, சான் ஹோசே, கலிஃபோர்னியா

படிப்பதற்குத் தடை இல்லை, முழுநேரமாகவே படிக்கலாம். பல மாநிலங்களில் உள்ளூர்க் கட்டணமும் கிடைக்கும். தடை வேலைக்குத்தான். கணவரின் கிரீன் கார்டுக்காக அவர் நிறுவனம் போடும் ஐ-140 மனு ஒப்புதல் ஆகியிருந்தால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவில்லை என்றால், நீங்கள் படிப்பை முடிக்கும் தேதிக்குள் ஆகுமா என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் சீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறி, படிப்பு முடிந்தபின் வேலை செய்ய விடும் ஓ.பி.டி. அனுமதி வாங்கலாம் என்று யோசனை சொல்வார்கள். மாற்றம் படிப்பு முடியும் முன்பே ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும். அதற்கே மாதக்கணக்கில் ஆகும். மாறியதும் உள்ளூர்க் கட்டணம் போய்விடலாம். கிடைக்கும் 12 மாதத்திலும் என்கிளெக்ஸ், லைசென்ஸ், வேலை தேடல் என்று நான்கைந்து மாதம் கரைந்துவிடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு நர்ஸிங்குக்கு இல்லை. வார்டு நர்ஸ் வேலைக்கு எச்-1பி பொதுவாகக் கிடைப்பதும் இல்லை, ஏனென்றால் அந்த வேலைக்கு இளங்கலைப் பட்டம் சட்டப்படி கட்டாயம் அல்ல, இரண்டு வருட அசோசியேட் டிகிரியே போதும். மருத்துவமனை கிரீன் கார்டுக்கு மனு போடலாம். நர்ஸ்களுக்கு ஷெட்யூல் ஏ என்ற பிரிவில் தொழிலாளர் துறைச் சான்று தேவையில்லை. ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான நீண்ட வரிசை அங்கேயும் அப்படியே நிற்கிறது.

வேலை அனுமதி இருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 2025 அக்டோபர் 30-லிருந்து தாக்கல் செய்யும் புதுப்பிப்புகளுக்குப் பழைய அனுமதி தானாக நீண்டது போல நீளாது. காலாவதிக்கு 180 நாள் இருக்கும்போதே மனு போட்டுவிடுங்கள். எது செய்தாலும் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

நான் திருநெல்வேலியில் பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்து நான்கு வருடம் வேலை பார்த்தவள். இங்கே ஏ.பி.எஸ்.என். சேரச் சொல்கிறார்கள்.
– வாசகி, ஷாம்பர்க், இல்லினாய்

சேராதீர்கள். நீங்கள் ஏற்கெனவே நர்ஸ். உங்கள் சான்றுகளை மதிப்பிட்டு நேரடியாக என்கிளெக்ஸ் எழுதும் வழி இருக்கிறது. சி.ஜி.எஃப்.என்.எஸ். (இப்போது ட்ரூமெரிட் என்று பெயர்) அல்லது உங்கள் மாநில போர்டு ஏற்கும் வேறு நிறுவனத்தில் மதிப்பீட்டுக்குப் பதிவு செய்யுங்கள். கல்லூரி டிரான்ஸ்கிரிப்டும், தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலின் பதிவுச் சரிபார்ப்பும் அவர்களுக்கு நேரடியாகப் போக வேண்டும். பிறகு ஆங்கிலத் தேர்வு தேவையா என்று பார்க்க வேண்டும். மகப்பேறு, மனநலம் போன்ற பிரிவுகளில் தியரியும் கிளினிக்கலும் ஒரே காலத்தில் நடந்ததா என்று சில மாநிலங்கள், குறிப்பாகக் கலிஃபோர்னியா, கறாராகப் பார்க்கும். குறை வந்தால் அந்தப் பகுதியை மட்டும் இங்கே படித்தால் போதும்.

வயது 43, ஐ.டி. வேலை போய்விட்டது. ஆண்கள் இந்த வயதில் சேர்ந்தால் எடுப்பார்களா? டீஸ் தேர்வு கடினமா?
– வாசகர், காரி, வட கரோலினா

வயதும் ஆண் என்பதும் அட்மிஷனில் தடையே இல்லை. உடம்பு ஒத்துழைக்குமா என்று பாருங்கள்: 12 மணி நேரம் நிற்க வேண்டும், நோயாளியைப் புரட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் பகுதிநேர வேலைகூடச் சாத்தியமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டீஸ் என்பது நர்ஸிங் நுழைவுத் தேர்வு. அதில் 170 கேள்விகள், 209 நிமிடம்: வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம். இன்ஜினீயர்களுக்குக் கணக்கு தண்ணீர்பட்டபாடு. அறிவியலில் பெரும்பங்கு அனாடமி என்பதால், அனாடமி இரண்டாம் பாகம் முடிந்த சூட்டோடு எழுதுங்கள். டீஸோ ஹெஸியின் நுழைவுத் தேர்வோ கேட்காத கல்லூரிகளும் நிறைய.

விண்ணப்பக் கட்டுரையில் "சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை" என்று தொடங்காதீர்கள், படிப்பவர்கள் அதைத் தினமும் பார்க்கிறார்கள். மருத்துவமனையில் தன்னார்வமாக வேலை செய்து, நர்ஸ் ஒரு ஷிஃப்டில் உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்த்து அதை எழுதுங்கள். முடிந்தால் நர்ஸிங் அசிஸ்டன்ட் சான்றிதழ் வாங்குங்கள். மத்திய அரசின் குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம்தான், மாநிலத்தைப் பொறுத்துக் கூடும். இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பது நாற்பதாயிரம் டாலர் கட்டும் முன்பே தெரிந்துவிடும்.

கிரீன் கார்டு இருக்கிறது. கல்விக்கடன் எவ்வளவு கிடைக்கும்? நேரடி மாஸ்டர்ஸ் சேர்ந்தால் நல்லதா?
– வாசகி, ஆஷ்பர்ன், வர்ஜீனியா

இரண்டாவது இளங்கலை என்பதால் மத்திய அரசின் பெல் உதவித்தொகை கிடையாது. மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 12,500 டாலர் வரை, வாழ்நாள் உச்சம் 57,500. முதல் டிகிரியை அமெரிக்காவில் கடன் வாங்கிப் படித்திருந்தால் அதுவும் இதில் கழியும். மீதிக்குத் தனியார் கடன்தான். எச்-4, எஃப்-1 இரண்டுக்கும் மத்திய அரசுக் கடன் இல்லை.

கொலம்பியா போன்ற இடங்களில் நர்ஸிங் தெரியாதவர்களை நேரடியாக மாஸ்டர்ஸில் சேர்க்கிறார்கள், அங்கே அது 15 மாதம். முடித்ததும் எழுதுவது அதே என்கிளெக்ஸ், சேர்வது பெரும்பாலும் அதே வார்டு வேலை. நர்ஸ் பிராக்டிஷனர் ஆக வேண்டுமானால் அதற்குமேல் இன்னொரு படிப்பு வேண்டும். முன்பு மேற்படிப்புக்கு முழுச் செலவுக்கும் கடன் தந்த கிராட் பிளஸ் திட்டம் 2025-ல் வந்த சட்டத்தால் 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்கு நின்றுபோகிறது. அதனால் அந்தப் பக்கம் இருந்த கவர்ச்சியும் குறைந்துவிட்டது. பி.எஸ்.என். என்ற நர்ஸிங் இளங்கலையை முடித்து வேலைக்குப் போய், மருத்துவமனை தரும் கல்வி உதவியில் மாஸ்டர்ஸ் படிப்பது மலிவு.

கம்யூனிட்டி காலேஜின் இரண்டு வருட அசோசியேட் டிகிரியையும் தள்ளிவிடாதீர்கள். கட்டணம் சிறு பங்குதான், லைசென்ஸ் அதேதான். குறை: பெரிய மருத்துவமனைகள் பி.எஸ்.என். உள்ளவர்களை முதலில் எடுக்கும். நியூயார்க்கில் 2017-ல் வந்த சட்டப்படி பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும்.

ஜனவரியில் வகுப்பு. இப்போதே என்ன தயார் செய்ய வேண்டும்?
– வாசகி, அல்ஃபரெட்டா, ஜார்ஜியா

தடுப்பூசிப் பதிவுகள். இதில் கோட்டைவிட்டால் கிளினிக்கலுக்கு விட மாட்டார்கள், கிளினிக்கல் போகாவிட்டால் அந்தப் பாடமே போயிற்று. ஊரில் போட்ட அட்டை கிடைக்காவிட்டால் தேடி அலைய வேண்டாம். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கு ரத்தத்தில் எதிர்ப்புச்சக்தி இருக்கிறதா என்று டைட்டர் பரிசோதனை எடுத்தால் போதும். ஹெபடைட்டிஸ் பி-க்கு வழக்கமான மூன்று ஊசி முடிய ஆறு மாதம் ஆகும். நேரம் இல்லையென்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டே ஊசி போடும் ஹெப்லிசாவ் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச்சக்தி அளவு 10-ஐத் தொட்டதா என்று பார்ப்பார்கள்.

டி.பி. பரிசோதனையில் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது வழக்கம். குழந்தையில் பி.சி.ஜி. போட்டவர்களுக்குத் தோலில் போடும் சோதனை நோய் இல்லாமலே பாசிட்டிவ் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, கடிதம் என்று அலைச்சல். முதலிலேயே குவாண்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனை எடுங்கள், பி.சி.ஜி. அதைக் குழப்பாது.

மருந்தளவுக் கணக்குத் தேர்வு முதல் வாரங்களிலேயே வரும். பல இடங்களில் 90 சதவீதம், சில இடங்களில் 100 எடுத்தாக வேண்டும். கணக்கு எட்டாம் வகுப்புத் தரம்தான், தவறுவது அலகு மாற்றத்தில். டாக்டர் எழுதியது 0.25 மில்லிகிராம், கையில் இருப்பது 125 மைக்ரோகிராம் மாத்திரை என்றால் இரண்டு மாத்திரை. நோயாளி 154 பவுண்டு என்றால் 2.2-ஆல் வகுத்து 70 கிலோ. எந்தக் கட்டத்தில் முழு எண்ணாக்குவது என்ற கல்லூரியின் விதியை முதலில் படியுங்கள். விடை சரியாக இருந்தும் மதிப்பெண் போவது அங்கேதான்.

முதல் செமஸ்டர் ஃபார்மகாலஜியில் 74.6. எல்லை 75. அடுத்து என்ன செய்வது?
– வாசகி, பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்சி

75 என்று முழுமையாக்க மாட்டார்கள். அந்த விதி கையேட்டிலேயே இருக்கும், அதை வைத்து மேல்முறையீடு செய்வதில் பயனில்லை. ஒரு கேள்வியே தவறு, அல்லது விதியைக் கல்லூரி மீறியது என்று காட்ட முடிந்தால் மட்டும் செய்யுங்கள். அதற்கான கெடு பெரும்பாலும் சில நாள்தான், இன்றே தேதியைப் பாருங்கள்.

வேறு கல்லூரிக்கு மாறுவது எளிதல்ல. துரிதப் படிப்புகள் பாதியில் ஆள் சேர்ப்பதில்லை. முதலிலிருந்து சேர்ப்பவர்களும் பழைய கல்லூரியிடமிருந்து நன்னிலைக் கடிதம் கேட்பார்கள். இரண்டாவது பாடத்திலும் தவறினால் அந்தக் கடிதம் கிடைக்காது. இதனால்தான் இனி எந்தப் பாடமாவது ஆட்டம் காண்கிறது என்றால், விலகும் கடைசித் தேதிக்கு முன் டபிள்யூ (விலகியதற்கான குறி) வாங்கி வெளியே வருவது எஃப் வாங்குவதைவிட மேல். சில கல்லூரிகள் டபிள்யூவையும் ஒரு தவறாக எண்ணும், உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த அணியில் இடம் தானாக வராது. திரும்பச் சேரும் விண்ணப்பத்தை நேரத்தில் கொடுங்கள். இடைவெளி நீண்டால் சில இடங்களில் செய்முறைத் திறன்களை மறுபடி செய்துகாட்டச் சொல்வார்கள். கடன் வாங்கியிருந்தால் நிதி உதவி அலுவலகத்தில் பேசுங்கள், பாதிநேரத்துக்குக் கீழே போனால் திருப்பிச் செலுத்தும் கெடு ஓடத் தொடங்கும். ஆசிரியரிடம் போய் எந்த வகைக் கேள்விகளில் தவறினீர்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். மருந்தின் பெயர் தெரியாமல் தவறியதா, "முதலில் எதைச் செய்வீர்கள்" என்ற கேள்வியில் தவறியதா என்று பிரியும். முதல் வகைக்குத் தினமும் 10 மருந்து வீதம் மனப்பாடம் போதும். இரண்டாவது வகை மனப்பாடத்தில் தீராது. கேள்வி வங்கியில் விடை விளக்கத்தோடு தினமும் 30, 40 கேள்வி போட வேண்டும். என்கிளெக்ஸும் அந்த இரண்டாவது வகைதான்.